கைக்கு எட்டிய தண்ணீர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஒரு முட்டாள். பணிவுக்காகச் சொல்லவில்லை, ஆதாரம் இருக்கிறது. காட்டு ஓடையின் நடுவில் உட்கார்ந்துகொண்டு வேலை செய்கிற ஒருவன், தண்ணீர் மொள்ள எழுந்து போக வேண்டியதில்லாமல் அது தானாகவே தன் கைக்குப் பக்கத்தில் வந்துவிட்டதைப் பார்த்து, 'பரவாயில்லையே, வசதியாகிவிட்டது' என்று மகிழ்ந்தால் அவனை வேறு எப்படி அழைப்பது? அந்த ஆள் நான்தான். அப்போது என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது என் ஒரே மகள். ஒரு துண்டு ஈரக் காகிதம் காய்வதற்காக அவளை அங்கே நிறுத்திவைத்திருந்தேன்.

கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். ஓய்வு பெற இன்னும் சில வருடங்களே இருக்கின்றன. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வருகிற முதல் வகுப்பு எப்படியோ ஒவ்வொரு வருடமும் என் தலையில்தான் விழும். என் குரலுக்கும் அந்த நேரத்துக்கும் நல்ல பொருத்தம்; பத்தாவது நிமிடம் பாதி வகுப்பு தூங்கிவிடும், இருபதாவது நிமிடம் எனக்கே கொட்டாவி வரும். விழித்திருக்கும் மிச்சப் பேருக்கு நான் ஓயாமல் சொல்வது ஒன்றுதான்: "ஆதாரத்தைச் சேர். வரிசையாக வை. அப்புறம் வாயைத் திற." அன்றைக்கு மலையில் ஆதாரங்கள் என்னைத் தேடி ஒவ்வொன்றாக வந்தன. எல்லாவற்றையும் சேர்த்தேன். வரிசையாகக்கூட வைத்தேன். முடிவு மட்டும் எடுக்கவில்லை. என் மாணவன் ஒருவன் அப்படி விடை எழுதியிருந்தால் முட்டை போட்டுச் சிவப்பு மையில் வட்டமும் சுழித்திருப்பேன்.

என் மனைவி அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். கல்யாணமான புதிதில் அவளை முதன்முதலாக வெளியே அழைத்துப்போனது எலவனாசூர்கோட்டை கோயிலுக்கு. அங்கே நான் எடுத்த புகைப்படத்தில் சுவரிலிருந்த கல்வெட்டு அட்சரம் அட்சரமாகத் தெளிவாக விழுந்திருக்கும். ஓரத்தில் அவளுடைய ஒரு காதும் அரைத் தோடும் இருக்கும். அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள். வீட்டுக்கு யார் வந்தாலும் "அது நான்தாங்க, காது" என்று காட்டுவாள்.

ஆனால் குடும்பத்தை நான் கவனிக்காதவன் என்று யாரும் சொல்ல முடியாது. காலையில் காய் நறுக்குவது நான். பால் பொங்காமல் பார்த்துக்கொள்வது நான் (பொங்கினால் துடைப்பதும் நான்). மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை தினமும் தலை வாரி ஜடை பின்னியதும் நான்தான். அம்மாவின் பள்ளி தூரம், ஏழு மணிக்கே பஸ் பிடித்துவிடுவாள். என் ஜடை கொஞ்சம் கோணும். ஆனால் அவிழாது. பிள்ளை சாயங்காலம் விளையாடிவிட்டு வரும்போதும் காலையில் பின்னியது பின்னியபடியே இருக்கும். படிப்பை விட அதில்தான் எனக்குப் பெருமை.

அந்த ஐப்பசி ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போகலாம் என்று கேட்டது மகள். கல்லூரி விடுதியிலிருந்து தீபாவளி விடுமுறைக்கு வந்திருந்தாள். மனைவி என்னிடம் ஒரு நிபந்தனை வைத்தாள்.

"அருவி பாக்கறோம், சாப்புடறோம், வூட்டுக்கு வரோம். கல்லு கில்லுன்னு எங்கயாச்சும் உக்காந்துக்கினீங்க, வண்டிய நான் எடுத்துக்கினு வந்துடுவேன்."

"உனக்கு வண்டி ஓட்டத் தெரியாதே."

"அப்ப தள்ளிக்கினு வருவேன்."

சத்தியம் செய்து கொடுத்தேன். செய்து கொடுக்கும்போதே ஸ்டெப்னி டயருக்கு அடியில் கல்வெட்டுப் படி எடுக்கிற காகிதச் சுருள், மைப் புட்டி, தட்டும் பிரஷ், துணிப்பந்து, தண்ணீர் மொள்ள ஒரு மக் எல்லாம் பழைய லுங்கியில் சுற்றித் தயாராக இருந்தன. கரியாலூரைத் தாண்டி ஓர் ஓடை நடுவில் ஏதோ வெட்டப்பட்ட கல் இருக்கிறது என்று கல்லூரியில் காதில் விழுந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஒரு மாதமாக எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. வகுப்பில் தவிர.

வடக்கனந்தல் தாண்டும்வரை நல்ல வெயில். கரும்பு வயல்கள் பளபளவென்று இருந்தன. பின் இருக்கையிலிருந்து மகள் போனைப் பார்த்துவிட்டு, "அப்பா, மழைன்னு காட்டுது" என்றாள்.

"அது எங்கயோ கடல் பக்கத்துக்குச் சொல்லுது. வெளிய பாரு."

வெளியே பார்த்தாள். எங்களுக்கு மேலே நீலம். மலையின் முதுகுக்குப் பின்னால் வானம் அடிப்பிடித்த பாத்திரத்தின் அடியைப்போல இருந்தது. முதல் ஆதாரம்.

கரியாலூரில் அருவிப் பக்கம் போகும் வழியை அடைத்திருந்தார்கள். மேலே நீர் கூடியிருக்கிறதாம். இரண்டாவது ஆதாரம். நான் அதைக் கேட்டு வருந்துவதுபோல முகத்தை வைத்துக்கொண்டேன். "அடடா. சரி, இவ்வளவு தூரம் வந்துட்டோம், பக்கத்துல ஒரு ஓட இருக்குதாம், அங்க உக்காந்து சாப்புட்டுப் போயிடலாம்." என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். கணக்கில் விடை மட்டும் எழுதி வழிமுறை எழுதாத பையனைப் பார்க்கிற பார்வை.

ஓடைக்குத் திரும்புகிற இடத்தில் ஒரு டீக்கடை. கடைக்கார அம்மா சாமை காயப்போட்டிருந்த தார்ப்பாயை அவசரமாகச் சுருட்டி உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார். அவரிடம் வழி கேட்டேன்.

"எழுத்து வெட்டுன கல்லு ஒண்ணு ஓடைல இருக்குதாமே, எந்தப் பக்கம்மா?"

"எழுத்து இல்ல சார் அது. கோட்டுக் கல்லு."

"கோடா? இன்னா கோடு?"

"மழ நாள்ல அத வாயில எடுக்கறதில்ல சார்." தார்ப்பாயை விட்டுவிட்டு நிமிர்ந்து காருக்குள் பார்த்தார். "பொண்ணயும் இட்டுக்கினு போறீங்களா?"

"ஆமா."

அவர் டீ ஊற்றிக் கொடுத்தார். டீக்குக் காசு கொடுத்தபோது வாங்கிக்கொண்டு, சில்லறையை என் கையில் வைக்காமல் பெஞ்சின்மேல் வைத்தார். இதையும் பார்த்தேன். மலைமக்களின் கூச்ச சுபாவம் என்று மனதில் குறித்துக்கொண்டேன். ஆய்வுக் கட்டுரையில் அடிக்குறிப்பாகப் போடலாம் என்றுகூடத் தோன்றியது.

ஓடையை நோக்கிக் காரில் இறங்கும்போது எதிரே ஒருவர் இரண்டு மாடுகளை ஓட்டிக்கொண்டு மேலே ஏறி வந்தார். உச்சி வேளை. புல் எல்லாம் கீழே ஓடைக்கரையில் பச்சைப்பசேலென்று கிடக்கிறது, இவர் மாட்டை மேட்டில் இருக்கிற பாறைக்கு ஓட்டுகிறார். என்னைக் கடக்கும்போது, "சீக்கிரம் வந்துடுங்க சார்" என்றார். "கண்டிப்பா" என்றேன். மாடுகள் ஒதுங்கி வழிவிடவில்லை; நாங்கள்தான் ஒதுங்கினோம். மூன்றாவது ஆதாரமா நான்காவதா, எனக்கே எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

ஓடை அகலம் எங்கள் கல்லூரி வகுப்பறை அளவுதான் இருக்கும். கணுக்கால் தண்ணீர். நடுவில் மணலும் கல்லுமாக ஒரு திட்டு, அதன் நடுவில் இடுப்பு உயரத்துக்கு அந்தக் கல். கரையிலிருந்து திட்டுக்குப் போக நான்கைந்து பாறைகள் படி மாதிரி கிடந்தன. மனைவி கரையில் ஒரு பாறைமேல் புளிசாத டப்பாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் கார் டிக்கியைத் திறந்து, ஸ்டெப்னியைத் தூக்கி, லுங்கி மூட்டையை எடுத்ததை அவள் பார்த்தாள். டப்பாவை மூடினாள். அவ்வளவுதான்.

"அரை மணி நேரம்" என்றேன்.

"நானும் போறேம்மா, அப்பா தனியா எப்படிப் புடிப்பாரு" என்று மகள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு என் பின்னால் வந்தாள்.

கல்லில் எழுத்து இல்லை. முன்பக்கம் ஒன்றன்கீழ் ஒன்றாக ஏழு கோடுகள், ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். மேலே இருந்தவை தேய்ந்து வழவழப்பாக இருந்தன. கீழே போகப் போகக் கூர்மை. கடைசிக் கோட்டில் உளி பட்ட வெள்ளை இன்னும் மங்கவில்லை. அதற்கும் கீழே மண். இன்னொரு கோட்டுக்கு இடமில்லை. பார்த்தவுடனேயே என் தலைக்குள் கட்டுரை ஓடத் தொடங்கிவிட்டது. ஏழு ஊர்களின் எல்லைக் கல். இல்லை, ஏழு தலைக்கட்டுகளின் உடன்படிக்கை. கருத்தரங்கில் கைதட்டல் கேட்டது. பொன்னாடையின் நிறத்தை மட்டும் தீர்மானிக்கவில்லை.

கல்லிலிருந்து படி எடுப்பது அவசரக்காரனுக்கான வேலையில்லை. முதலில் கல்லைக் கழுவ வேண்டும். காகிதத்தை நனைத்து ஒட்ட வேண்டும். பிரஷால் தட்டித் தட்டிக் குழிகளுக்குள் அதை இறக்க வேண்டும். அரை ஈரத்தில் மை ஒற்ற வேண்டும். பிறகு முழுக்கக் காயும்வரை காத்திருக்க வேண்டும். முன்னாலேயே உரித்தால் கிழிந்துவிடும், உழைப்பெல்லாம் வீண். முப்பது வருடமாக நான் மாணவர்களிடம் சொல்லி வந்தது: "காயாத காகிதத்தை உரிக்கிறவன் வரலாறு படிக்க லாயக்கில்லாதவன்."

கழுவுவதற்கு முதல் முறை மக்கை எடுத்துக்கொண்டு திட்டின் ஓரம்வரை பத்தடி நடந்தேன். காகிதம் நனைக்க இரண்டாம் முறை எழுந்தபோது ஐந்தடி. அதை நான் எண்ணவில்லை, பின்னால் யோசித்துச் சொல்கிறேன். மை ஒற்றிவிட்டுக் கை கழுவ மூன்றாம் முறை எழவே இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டி மொண்டேன். அப்போதுதான் அந்த வாக்கியத்தை நினைத்தேன். பரவாயில்லையே, வசதியாகிவிட்டது.

தண்ணீர் டீயின் நிறத்தில் இருந்தது. சருகும் குச்சியும் மிதந்தன. இதற்குமுன் கேட்டுக்கொண்டிருந்த பூச்சிகளின் இரைச்சல் நின்றிருந்தது. அதற்குப் பதிலாக வேறு ஒரு சத்தம், தூரத்தில் லாரி மேடேறுவதுபோல. அந்தப் பக்கம் லாரி போகிற சாலை கிடையாது.

கரையில் மனைவி எழுந்து நின்று டப்பாவின் மூடியை ஆட்டிக்கொண்டிருந்தாள். வாய் அசைந்தது, குரல் வரவில்லை. சாப்பிடக் கூப்பிடுகிறாள் என்று நினைத்து நானும் உற்சாகமாகக் கையை ஆட்டினேன்.

"அப்பா, செருப்பு போவுது."

மணலில் வைத்திருந்த அவளுடைய செருப்பு ஒன்று சுழன்று சுழன்று போய்க்கொண்டிருந்தது.

"போனா போவட்டும், வேற வாங்கிக்கலாம். காகிதத்தோட ஓரத்தப் புடிமா, காத்துல எழும்புது."

அவள் பிடித்தாள். நான் சொன்னால் செய்கிற பெண். சிறிது நேரம் கழித்து, ரொம்ப மெதுவாகக் கேட்டாள்:

"அப்பா, நாம மிதிச்சி வந்த கல்லெல்லாம் எங்கப்பா?"

நிமிர்ந்து பார்த்தேன். கற்கள் இல்லை. கரைக்கும் எங்களுக்கும் நடுவில் பழுப்பாக ஒரே தண்ணீர், மேடும் பள்ளமுமாக முறுக்கிக்கொண்டு போயிற்று. எங்கள் திட்டு ஒரு பாய் அளவுக்குச் சுருங்கியிருந்தது.

இந்த இடத்தில் ஒரு புத்திசாலி எல்லாவற்றையும் போட்டுவிட்டு மகளின் கையைப் பிடித்திருப்பான். நான் முதலில் காகிதத்தை உரித்தேன். அது முக்கால் வாசி காய்ந்திருந்தது. கிழியாமல் வந்தது. சுருட்டினேன். வலது கையில் உயரமாகப் பிடித்துக்கொண்டேன். இடது கையை அவளிடம் நீட்டினேன்.

முதல் அடி முழங்காலுக்கு. இரண்டாவது தொடைக்கு. மூன்றாவது அடியில் அவள் கால் எதன்மேலோ வழுக்கி, என் விரல்களிலிருந்து அவள் விரல்கள் சோப்புபோல நழுவின. அவள் கத்தவில்லை. தலை மட்டும் ஒரு முறை தெரிந்தது. இடது கையை வீசினேன். கையில் சிக்கியது ஜடை.

பிடித்தேன். அன்று காலை அவளே பின்னிக்கொண்ட ஜடை, நான் பின்னுவதுபோலவே கோணலாக, இறுக்கமாக. ஓடை அவளை ஒரு பக்கம் இழுக்கிறது, நான் ஒரு பக்கம். ஒரு கை போதவில்லை. என் கணுக்காலுக்கு அடியில் மணல் கரைந்துகொண்டிருந்தது தெரிந்தது. இன்னொரு கை வேண்டும். இன்னொரு கை எனக்கு இருந்தது. அது தலைக்கு மேலே, நனையாமல், ஏழு கோடுகளைப் பிடித்துக்கொண்டிருந்தது.

எத்தனை நொடி அப்படி நின்றேன் என்று எனக்குத் தெரியாது. என் மனைவிக்குத் தெரியும். அவள் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், கணக்கு டீச்சர்.

பிறகு விட்டேன். சுருள் தண்ணீரில் விழுந்து ஒரு முறை நிமிர்ந்து நின்று, போயிற்று. இரண்டு கையாலும் ஜடையைப் பிடித்தேன். அப்போதுதான் கயிறு வந்து என் முகத்தில் அறைந்தது. மேட்டிலிருந்து ஓடிவந்த மாட்டுக்காரர், தன் இரண்டு மாடுகளின் கயிறுகளையும் அவிழ்த்து முடிச்சுப் போட்டு, ஒரு முனையை மரத்தில் கட்டி, மறுமுனையை வீசியிருந்தார்.

"பொண்ணு இடுப்புல சுத்து வாத்தியாரே! உன்னத இல்ல, பொண்ணுத!"

சுற்றினேன். அவரும் என் மனைவியும் இழுத்தார்கள். இரண்டாவதாக என்னை இழுக்கும்போது முடிச்சுக்குப் பக்கத்தில் கயிறு நைந்து, நான் கரையைத் தொட்ட பிறகு அறுந்தது. தொட்ட பிறகுதான். இதை எத்தனை முறை எழுதிப் பார்த்தாலும் அந்த வரிசை மாறாமல் இருக்கிறதா என்று திரும்பப் படித்துக்கொள்கிறேன்.

மகள் குப்புறக் கிடந்து இருமினாள். தலையில் கை வைத்து, "வலிக்குதுப்பா" என்றாள். நான் கேட்டதிலேயே நல்ல சொல் அது. மனைவி அவள் முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள், என் பக்கம் திரும்பவில்லை. பல்லெல்லாம் அடித்துக்கொண்டிருந்த நிலையிலும் நான் மாட்டுக்காரரிடம் என்ன கேட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் ஆரம்பத்திலேயே ஒப்புக்கொண்டவனுக்கு வெட்கம் எதற்கு?

"அந்த ஏழு கோடு இன்னாதுங்க?"

அவர் அறுந்த கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, "ஓட காஞ்சப்பறம் வா, சொல்றேன்" என்றார். ஓடையில் அப்போது கல் தெரியவில்லை.

வீட்டில் அதன்பிறகு யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது உளறி அவர்களைச் சிரிக்கவைத்திருப்பேன். அதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை. மனைவி காலையில் பஸ்ஸுக்குப் போனாள், மாலையில் வந்தாள், தோசைக்கு மாவு அரைத்தாள். விருந்தாளிகளிடம் காதுப் படத்தைக் காட்டுவதை நிறுத்திவிட்டாள். ஓர் இரவுச் சாப்பாட்டின்போது, "அன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்தேன். "ரசம் ஊத்தட்டுமா?" என்றாள். அத்தனை நொடி என்கிற எண் அவளிடம் இருக்கிறது. சொல்லமாட்டாள். நானும் கேட்கமாட்டேன்.

மகள் விடுதிக்குத் திரும்பிய வாரமே முடியைக் கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டாள். வீடியோ காலில் பார்த்ததும் கேட்டேன்.

"ஏம்மா?"

"காயறதுக்கு ரொம்ப நேரமாவுதுப்பா."

சாதாரணமாகத்தான் சொன்னாள். நான்தான் அன்றைக்கு முழுவதும் பிடிப்பதற்கு எதுவும் இல்லாத அந்தக் கழுத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பங்குனியில் மாட்டுக்காரருக்குப் புதுக்கயிறு இரண்டு வாங்கிக்கொண்டு மலைக்குப் போனேன். "நானும் வரேன்" என்று மனைவி வந்து முன் இருக்கையில் உட்கார்ந்தாள். கிளம்புமுன் இறங்கிப்போய் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னிக்கு அடியில் பார்த்தாள். ஒன்றுமில்லை. டிக்கியை மூடினாள்.

ஓடை காய்ந்து வெள்ளையாகக் கிடந்தது. அதில் ஒரு பிள்ளை தவறி விழுந்தால் முழங்கால்தான் சிராய்க்கும் என்று சொல்லத் தோன்றும். மாட்டுக்காரர் கயிறுகளை இழுத்துப் பார்த்து, "நல்ல கயிறு" என்றார். எங்களைக் கல்லுக்கு அழைத்துப்போனார்.

"ஓட எடுத்துக்கினது. ஒரு ஆளுக்கு ஒரு கோடு. அந்தந்த வூட்டுக்காரங்க வெட்டறது."

"பேரு வெட்ட மாட்டீங்களா?"

"பேரு எங்களுக்குத் தெரியுமே."

நான் கீழே இருந்த கோட்டைப் பார்த்தேன், உளியின் வெள்ளை இன்னும் இருந்தது. அவர் நான் பார்ப்பதைப் பார்த்தார்.

"அது எங்க வூட்டுது" என்றார். "பெரிய பொண்ணு."

என் மனைவி உட்கார்ந்து அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்தாள். வைத்தவள் எடுக்கவில்லை. எனக்கு அந்த அமைதி தாங்கவில்லை. பயம் வந்தால் வேடிக்கை பேசுகிற வியாதி எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. என் அப்பா இறந்த வீட்டிலேயே ஒரு சிரிப்புத் துணுக்கு சொல்லி அடி வாங்கியவன் நான். வாயைத் திறக்காதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாய் திறந்துவிட்டது.

"எப்படியோ, கல்லு ரொம்பிப்போச்சி. எட்டாவது கோட்டுக்கு எடமில்லாததாலதான் எம்பொண்ணு தப்பிச்சா போல."

சிரிப்பேன் என்று நினைத்தேன், சிரிப்பு வரவில்லை. மாட்டுக்காரர் கோபப்படவில்லை. புதுக்கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டார். கரைப் பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டு, திரும்பாமலேயே சொன்னார்:

"பின்பக்கம் சும்மாதான் கீது வாத்தியாரே."